பரண் ஏறிய அம்மன்

சன்னலோரம் நீங்களே உக்காருங்கக்கா. எனக்குக் காத்து ஒத்துக்காது. இந்தச் சுருளை மேல கம்பியில போட மாட்டேன், எவனாவது மூட்டையைத் தூக்கி அது மேல வச்சுருவான். மடியிலயே இருக்கட்டும். நீங்க சிவகாசிக்கா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு.

என்னன்னு பாக்குறீங்களா? அம்மன் படம். கையால வரைஞ்சது. யார் வரைஞ்சாங்கன்னு கேட்டீங்கன்னா பெரிய கதை. கேக்கலன்னாலும் சொல்லத்தான் போறேன். இன்னைக்கு யார்கிட்டயாவது சொல்லலன்னா எனக்குத் தலை வெடிச்சுரும்.

உங்க வீட்டுல தினசரி காலண்டர் தொங்குதா? மேல அட்டையில அம்மன், கீழ தேதித் தாளு? அந்த அம்மன் எங்க பிரஸ்ல அடிச்சதா இருந்தாலும் இருக்கும். கண்ணைப் பாத்தாலே தெரிஞ்சுரும். நீங்க அடுப்படியில நின்னாலும் உங்களைத்தான் பாக்கும், வாசப்படி தாண்டினாலும் உங்களைத்தான் பாக்கும். அந்தக் கண்ணு போட்டவரு பேரு தர்மர். எங்க டிசைன் செக்சனுக்குப் பெரியவரு. நாங்க எல்லாரும் அண்ணாச்சிம்போம். பேரு மட்டும்தான் தர்மர்.

நான் ஜெயக்கொடி. அதே பிரஸ்ல கம்ப்யூட்டர் பூராவும் என் பொறுப்பு. நான் படம் போடுறதில்ல. படம் போடுறவங்க செஞ்சு வைக்கிறதெல்லாம் சர்வர்னு ஒரு பெரிய பெட்டியில போய் உக்காரும். எல்லாரோட கம்ப்யூட்டர்லயும் பொது டிரைவ்னு ஒண்ணு தெரியும், திறந்தா அந்தப் பெட்டிதான். அதை நான் பாத்துக்கிறேன். ஒரு படத்தைக் காணோம்னா, கூப்பிடு ஜெயக்கொடியை. மெதுவா வருதுன்னா, கூப்பிடு ஜெயக்கொடியை. கரண்டு போனாக்கூட என்னைத்தான் முறைப்பாங்க. நல்லா ஓடுற அன்னைக்கு மட்டும் என் பேரு ஒருத்தருக்கும் ஞாபகம் வராது.

போன ஆடிக்கு முந்தின ஆடி. நீங்க சிவகாசிக்குச் சொந்தக்காரங்க வீட்டுக்கு விருந்தாடியாப் போறவங்க, உங்களுக்குத் தெரியாது. ஆடிப் பதினெட்டுக்கு மத்த ஊருல ஆத்துக்குப் போவாங்க. எங்க ஊருல அன்னைக்குத்தான் அடுத்த வருச காலண்டர் மாதிரியெல்லாம் சேத்த ஆல்பத்தைப் பூசை போட்டு வெளிய விடுவோம். வைகாசியில இருந்து ஆடி வரைக்கும் டிசைன் செக்சன்ல ஒருத்தரும் ஒழுங்காச் சோறு திங்க மாட்டாங்க. அந்த நேரம் பாத்து டிரைவ் நிறைஞ்சு போச்சு. நான் தினமும் ஒவ்வொருத்தர் கிட்டயும் போய் நின்னு சொல்லிக்கிட்டு இருந்தேன், வேண்டாததை அழிங்க, வேண்டாததை அழிங்கன்னு. யார் கேட்டா? அண்ணாச்சி ஒரு நாள் பூரா உக்காந்து மீனாட்சி அம்மனுக்குப் புடவை மடிப்புப் போட்டுட்டு சேவ் குடுத்தாரு. இடமில்ல. பாதியில படம் உடைஞ்சு போச்சு.

ஹால்ல எல்லாரும் இருக்காங்க. சின்ன முதலாளி இருக்காரு. அச்சடிக்கிற பிளேட் எடுக்க வந்தவங்க இருக்காங்க. அண்ணாச்சி நாற்காலியைத் திருப்பிக்கிட்டுச் சொன்னாரு, "இந்தப் பொண்ணுக்கு அழிக்கத் தெரிஞ்ச அளவுக்கு வைக்கத் தெரியலப்பா."

சிரிச்சாங்கக்கா. அத்தனை பேரும் சிரிச்சாங்க.

உங்களுக்கு இதுல என்னன்னு தோணும். சொல்றேன். அதுக்கு முந்தின மாசம்தான் என் வீட்டுக்காரரு திருப்பூர்ல இன்னொருத்தி கூடக் குடித்தனம் பண்றாருங்கிறது தெருவுக்கே தெரிஞ்சுச்சு. எங்கம்மா, பெத்த தாயி, என் முகத்துக்கு நேராச் சொன்னா, "புருசனை வச்சுக்கத் தெரியலையேடி உனக்கு"ன்னு. அதே வார்த்தை! அதே வார்த்தையை அவரு ஹால் நடுவுல வச்சுச் சொல்றாரு. சுருக்குன்னு இருக்குமா இருக்காதா? பாத்ரூம் போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு நின்னேன்.

அண்ணாச்சிக்கு உன் வீட்டு விசயமே தெரியாதுடின்னு பைண்டிங்ல இருக்கிற ஒருத்தி சொன்னா. பிறகுதான் யாரோ சொல்லி அவருக்குத் தெரிஞ்சுச்சாம். ஊருக்கே தெரிஞ்சது அவருக்குத் தெரியாதாம், நம்பணுமாம். அதுக்கடுத்த வாரம் சாத்தூருக்குப் போயிட்டு வந்தவரு, என் மேசையில ஒரு பொட்டலம் காராச்சேவை வச்சுட்டுப் போயிட்டாரு. வச்சாரு, போனாரு. எவ்வளவு திமிர் இருக்கணும்! ஊரு முன்னாடி மூஞ்சியில கரியைப் பூசிட்டு, வாயில சேவைப் போட்டா மறந்துருவேனாக்கும்? அப்படியே கொண்டு போய் வாசல் கேட்டுகிட்ட படுத்திருக்கிற நாய்க்குப் போட்டேன். பிறகு சாத்தூர் போகும்போதெல்லாம் வாங்கிட்டு வந்து வைப்பாரு. நானும் விடாம நாய்க்குப் போடுவேன். அந்த நாய் என்னைக் கண்டா இப்பவும் வாலை ஆட்டுது.

எனக்கு வேண்டியது சேவு இல்லக்கா. ஒரு வார்த்தை. எந்த ஹால்ல நாலு பேரு கேக்கச் சொன்னாரோ, அதே ஹால்ல நாலு பேரு கேக்க, தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லணும். அதுக்காகக் கறுவிக்கிட்டே இருந்தேன்.

தை பிறந்துச்சு. எங்களுக்குத் தை மாசம்தான் கொஞ்சம் மூச்சு விடுற மாசம். சின்ன முதலாளி கூப்பிட்டாரு. "ஜெயக்கொடி, இந்த டிரைவ் நிறையிற பிரச்சனைக்கு ஒரு முடிவு கட்டு. ஆர்க்கைவ் போட்டுரு"ன்னாரு. அது ஒண்ணுமில்லக்கா. வீட்டுல பரண் இருக்குல்ல? எப்பவாவது எடுக்குற அண்டா குண்டானை மேல ஏத்திட்டா, கீழ புழங்க இடம் கிடைக்கும். அது மாதிரிதான். மெதுவா ஓடுற, ஆனா ரொம்பப் பெருசா இன்னொரு பெட்டி. ரொம்ப நாளாத் திறக்காத ஃபைலை எல்லாம் அதுவே பாத்து அங்க ஏத்திரும். எங்காளுங்களுக்கு ஆர்க்கைவ்னு வாயில நுழையல, பரண்னே பேரு வச்சுட்டாங்க.

எத்தனை நாள் திறக்காம இருந்தா ஏத்தலாம்னு கேட்டாரு. ஆறு மாசம்னேன். அப்படிப் பரண்ல ஏறினது ஒரு வருசம் வரைக்கும் யாரும் கேக்கலன்னா அழிச்சுரலாமான்னு கேட்டேன். சரின்னாரு. எல்லார்கிட்டயும் சொல்லிருன்னாரு. சொன்னேன். அண்ணாச்சிகிட்டயும் நேர்ல போய்ச் சொன்னேன். அவரு தலையை நிமித்தாம, "நீ செஞ்சாச் சரியாத்தாம்மா இருக்கும்"ன்னாரு. நக்கலு!

ஆறு மாசம்னு ஏன் சொன்னேன் தெரியுமா? மத்தவங்க வேலை எல்லாம் ஜவுளிக்கடை, நகைக்கடை, வருசம் பூரா யாராவது பேரை மாத்து, போன் நம்பரை மாத்துன்னு திறந்துக்கிட்டே இருப்பாங்க. அண்ணாச்சியோட அம்மன் ஃபோல்டர் மட்டும் வருசத்துக்கு ஒரு தடவைதான் திறக்கும். வைகாசியில திறப்பாரு, ஆடியில மூடுவாரு. மாரியம்மன், காமாட்சி, மீனாட்சி, பத்திரகாளி, அத்தனை பேரோட முகமும் கண்ணும் அதுக்குள்ளதான். அவரு இந்த பிரஸ்ஸுக்கு வந்த நாள்ல இருந்து சேத்தது. ஒவ்வொரு வருசமும் அதுல இருந்துதான் கண்ணை எடுத்துத் திருத்துவாரு. ஆடியில மூடினா, தையில ஆறு மாசம் ஆயிரும்ல? கணக்குச் சரியா இருக்குல்ல?

இருங்க, இன்னொண்ணும் இருக்கு. பரண்ல ஏத்துறப்ப, கீழ ஒரு நிழலை விட்டுட்டுப் போகும். ஃபைல் பேரு அப்படியே தெரியும், தட்டினாக் கொஞ்ச நேரத்துல மேல இருந்து இறங்கி வரும். இருக்குன்னு ஆளுக்குத் தெரியணும்ல, அதுக்காக. ஒவ்வொரு ஃபோல்டருக்கும் அதுக்கு ஒரு டிக் இருக்கு. எல்லாருக்கும் போட்டேன். அவருக்கு எடுத்துட்டேன். அவ்வளவுதான். ஒரே ஒரு டிக். திறந்தா வெறும் கூடு.

திருமங்கலம் வந்துருச்சு. நம்ம வண்டி நல்லாத்தான் போகுது. மணி என்ன? அஞ்சு பத்தா. சரி.

வேண்டாததை அழிங்கன்னு அந்தத் தையிலயும் சொல்லியிருந்தேன். அதிசயமா அண்ணாச்சி உக்காந்து அழிச்சுக்கிட்டிருந்தாரு. கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டு, திரைகிட்ட மூக்கை வச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணாப் பாத்து அழிச்சாரு. கண்ணுல புரை. ஆபரேசன் பண்ணச் சொல்லியும் பண்ணல. "ஜெயக்கொடி சொன்னாச் செஞ்சுரணும்ப்பா"ன்னு பக்கத்துல சொல்லிக்கிட்டே அழிச்சாரு. என்னைக் கிண்டல் பண்றதுக்குன்னே.

வைகாசி எப்ப வரும்னு காத்திருந்தேன். கல்யாணத்துக்குக்கூட அப்படிக் காத்திருந்ததில்ல. அவரு ஃபோல்டரைத் திறப்பாரு. காலியா இருக்கும். கத்துவாரு. ஹால் பூராத் திரும்பிப் பாக்கும். பிறகு எந்திரிச்சு என் மேசைக்கு வரணும், "ஜெயக்கொடி, எடுத்துக் குடும்மா"ன்னு எல்லாரும் பாக்கக் கேக்கணும். அப்ப நான் சொல்லுவேன், "எனக்குத்தான் வைக்கத் தெரியாதே அண்ணாச்சி"ன்னு. கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்துக்கிட்டேன். சொல்லிட்டு, கொஞ்ச நேரம் நிக்க வச்சுட்டு, குடுத்துருவேன். நான் என்ன ராட்சசியா? குடுக்கத்தான் இருந்தேன்.

வைகாசியில ஒரு திங்கக்கிழமை. திறந்தாரு. நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். மூடினாரு. திருப்பித் திறந்தாரு. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சு மாட்டிக்கிட்டுத் திறந்தாரு. பிறகு கையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு.

கத்தவே இல்லக்கா! யாரையும் கூப்பிடல. என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாத்தாரு. வராரு, வராருன்னு நான் எந்திரிச்சே நின்னுட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. புதுசா ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, முதல்ல இருந்து வரைய ஆரம்பிச்சாரு. என்ன அழுத்தம் பாருங்க! என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேக்குறதுக்கு, அத்தனை அம்மனையும் மறுபடி வரையுறது மேலுன்னு நினைக்கிற ஆளு. வரையட்டும், எத்தனை நாளைக்குன்னு பாப்போம்னு நானும் வாயைத் திறக்கல.

அந்த ஆடிக்கு ஆல்பம் வந்துச்சு. அம்மன் எல்லாம் இருந்துச்சு, கண்ணுதான் சரியில்ல. எங்கயோ பாக்குது. ஆளைப் பாக்கல. ஆர்டர் பிடிக்கிற ஏஜெண்டுங்க எல்லாம் பழைய முகம் எங்கன்னு கேட்டாங்க. சின்ன முதலாளி கூப்பிட்டு விசாரிச்சாரு. நானும் அந்த ரூம்லதான் இருந்தேன். என்னைக் கை காட்டுவாரு, காட்டட்டும், ஆறு மாச ரூலைக் காட்டுறேன்னு தயாரா நின்னேன். அண்ணாச்சி சொன்னாரு, "தையில வேண்டாததை அழிக்கிறேன்னு உக்காந்தேன் தம்பி. கண்ணு தெரியாம எல்லாத்தையும் சேத்து அழிச்சுட்டேன் போல. இந்தப் புள்ளையை ஒண்ணும் கேக்காதீங்க, அது மேல தப்பில்ல. எனக்குத்தான் வைக்கத் தெரியல."

ஆவணியில வேலையை விட்டு நின்னுட்டாரு.

என்ன இப்படிப் பாக்குறீங்க? நானா போகச் சொன்னேன்? கேட்டிருந்தாக் குடுத்திருப்பேன். அவரு கேக்கலையே. அவரா ஒண்ணை நினைச்சுக்கிட்டா அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? அந்த வார்த்தையையும் எனக்குச் சொல்ல வேண்டியவரு அவருக்கே சொல்லிக்கிட்டாரு. அது எப்படிச் சேத்தி? அதுவும் மூணே பேரு இருந்த ரூம்ல. ஹால்ல சொன்னதுக்கு ஹால்லதான சொல்லணும்?

அன்னைக்கே எடுத்துக் குடுத்திருக்கலாம்ங்கிறீங்க. எப்படிக்கா? அத்தனை நாளும் எங்க வச்சிருந்தேன்னு கேப்பாங்கல்ல?

இப்ப அவரு மதுரையில மக வீட்டுல இருக்காரு, புதூர்ல. இன்னைக்குக் காலையில கிளம்பிப் போனேன். எதுக்குன்னா, போன தையில பரண் ஏறினதுக்கு இன்னைக்கு ஒரு வருசம் முடியுது. ஒரு வருசம் யாரும் கேக்கலன்னா அழிஞ்சுரும்னு சொன்னேன்ல? இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த அழிக்கிற வேலை தானா ஓடும். வேற காப்பி ஒண்ணும் கிடையாது, பேக்கப் எல்லாம் மேல மேல எழுதிப் பழசு போயிருச்சு. சரி, கடைசியா ஒரு சந்தர்ப்பம் குடுப்போம், வாயைத் திறந்து ஒரு தடவை "அந்தப் படமெல்லாம் எங்கயாவது இருக்குமா ஜெயக்கொடி"ன்னு கேக்குறாரான்னு பாப்போம்னுதான் போனேன். அதை நிறுத்துறதுக்கு நான் பிரஸ்ஸுக்குப் போகணும்னு இல்ல. இந்த போன்ல இருந்தே முடியும். ஒரு டிக்.

வாசல்லயே நின்னு, "வாம்மா, வாம்மா"ன்னாரு. ஆபரேசன் ஆயிருச்சு, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாரு. மக, மருமகன், பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேரு, எல்லாரும் இருந்தாங்க. காபி வந்துச்சு. மகளைக் கூப்பிட்டுச் சொன்னாரு, "செல்வராணி, இதுதான் ஜெயக்கொடி. நான் இருபது வருசம் சேத்ததை ஒரே நாள்ல அழிச்சேன். அந்த பிரஸ்லயே ஒண்ணையும் தொலைக்காம வைக்கத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். இதைப் போய் ஒரு நாள் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். வீட்டுல அதுக்கு என்ன கஷ்டம்னுகூடத் தெரியாமப் பேசிட்டேன். எத்தனையோ தடவை சொல்லணும்னு அது மேசை வரைக்கும் போவேன். வாய் வராது. சேவை வச்சுட்டு வந்துருவேன்."

சொல்லிட்டாருக்கா. நாலு பேரு கேக்கச் சொல்லிட்டாரு. வைக்கத் தெரிஞ்சவன்னு. நான் எதுக்காக ஒண்ணரை வருசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேனோ, அந்த வார்த்தை என் கைக்கு வந்துருச்சு.

கேக்கத்தான் இல்ல. எங்கயாவது இருக்குமான்னு கேக்கவே இல்ல. போனது போயிருச்சுன்னு முடிவு பண்ணிட்டாரு.

விருதுநகர் வந்துருச்சு. இங்க கொஞ்ச நேரம் நிப்பான். மணி என்னக்கா? அஞ்சே முக்கால்.

இப்பவே போன்ல நிறுத்துன்னு நீங்க சொல்றது எனக்குத் தோணாமலா இருக்கும்? சரி, நிறுத்திட்டேன்னே வச்சுக்கங்க, நாளைக்கு எடுத்துட்டுப் போய்க் குடுக்கிறேன். "அண்ணாச்சி, உங்க அம்மன் எல்லாம் பத்திரமா இருக்கு"ன்னு. சந்தோசப்படுவாரு. அழுதாலும் அழுவாரு. அழுது முடிச்சுட்டு யோசிப்பாருல்ல? இத்தனை நாள் எங்க இருந்துச்சுன்னு. நான் ராத்திரி பகலா வரைஞ்சப்ப இவ பாத்துக்கிட்டுத்தான இருந்தான்னு. மக கேப்பா. மருமகன் கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறவரு, அவரு கட்டாயம் கேப்பாரு. அப்ப அந்த வார்த்தை என்ன ஆகும்? திருப்பி வாங்கிக்குவாங்க. இந்தத் தடவை பிரஸ்ல மட்டுமில்ல, மதுரை வரைக்கும் பேசுவாங்க. முடியாதுக்கா. அது நான் சம்பாதிச்சது. விட மாட்டேன்.

போனை உள்ள வச்சுட்டேன். பாருங்க, பையில போட்டு ஜிப்பையும் இழுத்துட்டேன்.

வண்டி எடுத்துட்டான்.

இந்தப் படம் அவரு குடுத்ததுதான். கிளம்புறப்ப உள்ள போய் எடுத்துட்டு வந்தாரு. இப்பக் கம்ப்யூட்டர் இல்ல, காகிதத்துல கலர் பென்சில்ல போடுறாரு. விரிச்சுக் காட்டினாரு. மாரியம்மன். வேப்பிலை, கிரீடம், மூக்குத்தி, எல்லாம் அச்சு அசலா இருக்கு. கண்ணு ரெண்டும் மட்டும் வெள்ளையா விட்டிருக்காரு. "வரமாட்டேங்குதும்மா. பழசை ஒரு தடவை பாத்தாப் போதும், கை தானாப் போட்டுரும். அதுதான் இல்லையே"ன்னாரு. முடிக்காததை எனக்கு எதுக்கு அண்ணாச்சின்னேன். "நீ வச்சிரும்மா. உன்கிட்ட இருந்தாப் பத்திரமா இருக்கும். எனக்குக் கண்ணு என்னைக்கு வருதோ, அன்னைக்கு உன் வீட்டுக்கே வந்து போட்டுத் தாரேன்"ன்னாரு.

மணி பாருங்க.

ஆறு பத்தா.

சரி. அப்ப ஓடிருக்கும். அது சுத்தமான ரூலு, ஒரு நிமிசம் பிந்தாது. இனி நானே நினைச்சாலும் எடுக்க முடியாது. நல்லதுதான், ஒரு தொல்லை விட்டுச்சு. இங்க பாருங்க, இதை நான் அழிக்கல. ரூலு அழிச்சுச்சு. சின்ன முதலாளி சரின்னு சொன்ன ரூலு. நான் என் கையால ஒரு ஃபைலைக்கூட அழிச்சதில்ல, யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க? நான் ஜெயிச்சிருக்கேன்க்கா. எவ்வளவு சந்தோசமா இருக்கேன் தெரியுமா?

திருத்தங்கல் தாண்டிட்டோம், அடுத்து இறங்கணும். அக்கா, ஒரு உதவி. இதை நீங்க கொண்டு போறீங்களா? நல்ல படம்தான். நீங்க விருந்தாடியாப் போற வீட்டுல குடுங்க, இல்ல ஏதாவது கோயில்ல வைங்க. இல்லக்கா, நான் கொண்டு போகல. சுருட்டித்தான் வச்சிருக்கேன், கண்ணும் வெள்ளையாத்தான் இருக்கு, இருந்தாலும் மதுரையில இருந்து என்னையவே பாத்துக்கிட்டு வருது. என் வீட்டுல சாமி ரூமு கிடையாது. இருக்கிறது ஒரே ஒரு ரூமு. அலமாரியில போட்டா அவரு வர்றப்ப எடுக்கணும், சுவத்துல மாட்டினா நான் அது முன்னாடி சாப்பிடணும், தூங்கணும். பிடிங்கக்கா, வண்டி நிக்கப் போகுது. சும்மா சொல்லல, இதை எங்க வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல.